டோபி சீதா சொன்ன ஒரே பொய்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்துக்குள் இருக்கும் சீதாலெட்சுமியின் டோபிக் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். துணி வெளுக்கக் கொடுப்பவர்கள் ஒரு வகை. துணியே இல்லாமல் வந்து வாசலில் நின்று, "அக்கா, நீங்கதானே அந்த டோபி சீதா?" என்று கேட்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையால் கடைக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. ஆனால் அவர்கள் வந்தால்தான் சீதாவின் முகம் மலரும். அவள் கணவர் வாசு இதைப் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

நாற்பத்தாறு வயது சீதா செய்தது இவ்வளவுதான். இஸ்திரி மேசைக்கு எதிரே கஞ்சித் தண்ணீர் போத்தலில் போனைச் சாய்த்து வைப்பாள். ஒரு சட்டையை விரிப்பாள். அந்த வாரம் பார்த்த மோசமான படமோ, நாடகமோ, ஆல்பம் பாட்டோ எதையாவது எடுத்துக்கொண்டு பேசத் தொடங்குவாள். கை பாட்டுக்குக் காலர், தோள், முழங்கை என்று போய்க்கொண்டிருக்கும். வாய் பாட்டுக்குப் படத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும். சட்டை முடியும்போது பேச்சும் முடிந்துவிடும். ரொம்ப மோசமான படம் என்றால் கால்சட்டையையும் சேர்த்து எடுப்பாள். இரண்டு மணி நேரப் படத்தின் அழுகை அவ்வளவும் வேஸ்ட் என்பதை நாலே நிமிடத்தில் சொல்லி, சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

கோவிட் காலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது ஆரம்பித்தது இது. கடைக்குத் துணி வரவில்லை. சும்மா இருக்கத் தெரியாத சீதா வீட்டுத் துணியையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு, தொலைக்காட்சியில் ஓடிய ஒரு நாடகத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அந்த நாடகத்தில் ஒரு மருமகள் மூன்று வாரமாக ஒரே மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். வாசு அதைப் போனில் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். யாரோ அதை டிக்டோக்கில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பினாங்கிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கடைக்குப் போன் போட்டு, "எங்க மாமியாருக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள். அன்றோடு சீதா கெட்டாள் என்பார் வாசு.

அவளுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. டிக்கெட்டைத் தன் கைக்காசில்தான் வாங்குவாள். ஓசி டிக்கெட் கிடையாது. ஒருவருடைய நிறம், பருமன், பல் பற்றிப் பேச மாட்டாள். முக்கியமாக, பொய் சொல்ல மாட்டாள். உள்ளூர்த் தமிழ்ப் படம் வெளியாகும் நாளில் அரங்கத்துக்கு வெளியே மைக்கை நீட்டுவார்கள். படம் பார்த்து நொந்து போய் வருகிற சனம் அத்தனையும் வாயெல்லாம் பல்லாக, "அருமையான படம், குடும்பத்தோட வந்து பாருங்க, லோக்கல் படத்துக்கு சப்போர்ட் பண்ணுங்க" என்று ஒப்பிக்கும். நம் ஊர் சின்ன ஊர். படமெடுத்தவர் யாருக்காவது மச்சானாக இருப்பார், இல்லாவிட்டால் ஒரே கோயிலில் காவடி எடுத்தவராக இருப்பார். அதனால்தான் இந்த ஒப்பிப்பு. இந்த மூன்று வாக்கியங்களையும் சீதா வாராவாரம் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டுவாள். அதற்குத்தான் சிரிப்பு அதிகம் வரும். "டோபி சீதா நல்லா இருக்குன்னு சொன்னா நல்லா இருக்கும்" என்ற பேர் அவளுக்கு அதனால்தான் வந்தது. அந்தப் பேரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தாள்.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. அது டோபி தொழிலின் ஒழுங்கு. வாடிக்கையாளரின் துணியைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. எந்தச் சட்டையில் என்ன கறை இருந்தது, யாருடைய பையில் என்ன சீட்டு கிடந்தது என்பதெல்லாம் கடையோடு போய்விட வேண்டும். அதனால் காமிராவுக்கு முன்னால் வாசுவின் துணிகளை மட்டுமே தேய்ப்பாள். மொத்தம் எட்டுச் சட்டை. உலகத்திலேயே அதிகம் தேய்க்கப்பட்ட சட்டைகள் அவையாகத்தான் இருக்கும். காலரெல்லாம் வெங்காயத் தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இத்தனை ஒழுங்கோடு இருந்தவள் ஒரு புதன்கிழமை சறுக்கினாள்.

அன்று காலை 'காப்பார் காளிங்கன், பாகம் இரண்டு' என்ற படத்தின் டிரெய்லர் வெளியானது. காப்பாரில் லோரி கம்பெனி வைத்திருக்கும் திருச்செல்வம் என்பவர் எழுதி, இயக்கி, தயாரித்து, கதாநாயகனாகவும் நடித்த படம். இதற்குப் பாகம் ஒன்று கிடையாது. நேராக இரண்டில்தான் தொடங்கியிருந்தார். டிரெய்லரைப் பார்த்த சீதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படி ஒன்று வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். செலாயாங் பாசாரில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே நின்று விமர்சனம் செய்யும் கிஷன் என்ற இளைஞன் வேறு போட்டிக்கு இருந்தான். அவன் மத்தியானத்துக்குள் போட்டுவிடுவான். சீதா அலமாரியைத் திறந்தாள். வாசுவின் சட்டை ஒன்றுகூட இல்லை. ஏழு தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. எட்டாவதைப் போட்டுக்கொண்டு வாசு டெலிவரிக்குப் போயிருந்தார்.

அவசரத்தில் மேசையோரம் இருந்த குவியலின் மேலே கைக்குக் கிடைத்ததை இழுத்தாள். அது கிள்ளானிலிருந்து வந்த குவியல். அங்கே ஒரு தையல் கடையில் வெளுக்க வரும் துணியைச் சேர்த்து வைப்பார்கள். வாசு வேனில் போய் எடுத்து வருவார். துணியில் குத்தியிருக்கும் சீட்டில் பேர் இருக்காது, எண்ணும் தேதியும் மட்டும்தான். அது ஒரு கரு நிற ஜிப்பா. சித்திர வேலை உள்ள துணியை உள்பக்கம் திருப்பித்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் பளபளப்பு போய்விடும். வாசு துவைக்கும்போதே திருப்பிப் போட்டிருந்தார். மேலே என்ன சித்திரம் என்று சீதா பார்க்கவே இல்லை.

போன் ஓட ஆரம்பித்தது.

"வணக்கம். இன்னிக்கு ஹீரோ ஒரு காலேஜ் ஸ்டூடன்ட். அவர் வயசப் பத்தி நான் பேச மாட்டேன். அந்தக் காலேஜ் மேலதான் எனக்குக் கோவம். ஒரு மனுஷன முப்பத்தஞ்சு வருஷமாவா ஃபெயில் பண்ணுவாங்க?"

கை ஜிப்பாவின் தோளில் வழுக்கிக்கொண்டு போனது.

"டிரெய்லர் மூணு நிமிஷம். அதுல ட்ரோன் ஷோட் மட்டும் ஒம்பது. ட்ரோன அரை நாளைக்கு வாடகைக்கு எடுத்திருப்பாங்க போல. திருப்பிக் குடுக்குற நேரம் வரைக்கும் பறக்க விட்டாச்சு. அப்புறம் ஒரு டூயட். காப்பார் வெயில்ல ரெண்டு பேரும் கம்பளிக் கோட்டு போட்டு ஆடுறாங்க. பாக்குறவங்களுக்குக் காதல் தெரியும். எனக்கு அந்தக் கோட்டத் தொவைக்கப் போற ஆளுதான் தெரியுறான்."

அப்புறம் கதாநாயகனின் கைகளுக்கு வந்தாள். அவருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை என்றாள். சோகமென்றாலும் இடுப்பில் கை, கோபமென்றாலும் இடுப்பில் கை, காதலிக்கும்போது மட்டும் ஒரு மாறுதலுக்கு முதுகுக்குப் பின்னால். கடைசியாக ஜிப்பாவைத் திருப்பி உதறி, பழக்க தோஷத்தில் பின்னாலிருந்த கொக்கியில் மாட்டிவிட்டு, போனைப் பார்த்தபடியே முத்தாய்ப்பு வைத்தாள்.

"கிளைமாக்ஸ்ல ஹீரோ நெஞ்சுல பாம்பு போட்ட ஒரு ஜிப்பா மாட்டிட்டு வராரு. அந்த ஜிப்பாவுக்கு ஐடியா குடுத்த மகராசன மட்டும் நான் ஒரு தடவ நேர்ல பாக்கணும்."

ஏற்றிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனாள். அரைமணி நேரத்தில் வாசு போன் செய்தார்.

"சீதா, என்னம்மா பண்ணி வெச்சிருக்க? கமெண்டு இருநூறுக்கு மேல வந்திருக்கு. எல்லாரும் ஒரே வார்த்தையத்தான் எழுதியிருக்காங்க."

"என்னன்னு?"

"'பின்னாடி பாருங்க அக்கா'ன்னு."

சீதா திரும்பிப் பார்த்தாள். கொக்கியில் தொங்கிய ஜிப்பாவின் நெஞ்சில், தங்க நூலில் படமெடுத்த ஐந்தலைப் பாம்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அதை இறக்கினாள். பேசியதற்காகப் பதறவில்லை. பேசியதில் ஒரு சொல்லைக்கூட அவள் திரும்பப் பெற மாட்டாள். ஆனால் நம்பிக் கொடுத்த துணியை ஊர் பார்க்க மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே நின்று அந்த ஆளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. வீடியோவை அழித்தாள். அதற்குள் அது கிள்ளான், ஷா ஆலம், ஈப்போ என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டது. யாரோ பாம்பின் மேல் சிவப்பு வட்டம் போட்டுப் பின்னணியில் மகுடி இசையும் சேர்த்திருந்தார்கள்.

ஜிப்பாவை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று சீட்டில் இருந்தது. சனிக்கிழமை படம் வெளியீடு. வியாழன் சாயங்காலம் சீதா தானே வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் குடுத்துட்டு வரேனே" என்றார் வாசு.

"துணிய மாட்டுனது நானு. நான்தான் வரணும்."

காப்பாரில் திருச்செல்வத்தின் லோரி நிறுத்துமிடத்தில் பதினோரு லோரிகள் நின்றன. திருச்செல்வம் அரைக்கால் சட்டையும் கிரீஸ் கறை படிந்த டீ-சட்டையுமாக, ஒரு லோரியின் அடியிலிருந்து வெளியே வந்தார். ஐம்பத்து நாலு வயது. நேரில் பார்க்க டிரெய்லரில் இருந்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தார். சீதா ஜிப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அண்ணே, உங்க துணிய காமிராவுக்கு முன்னாடி போட்டது பெரிய தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். பேசுனதுக்குக் கேக்க வரல."

பக்கத்தில் நின்ற வாசு கண்ணை மூடிக்கொண்டார். திருச்செல்வம் கையைத் துடைத்துவிட்டு ஜிப்பாவை வாங்கி, காலரைத் திருப்பிப் பார்த்தார். பாம்பின் மேல் விரலால் தடவினார்.

"நல்லாத் தேச்சிருக்கீங்கமா. நூல் அப்படியே இருக்கு." ஜிப்பாவை லோரிக் கதவில் மாட்டினார். "ஜிப்பா ஐடியா என்னோடதுதான். நேர்ல பாக்கணும்னு சொன்னீங்க. பாத்துட்டீங்க."

சீதாவுக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்ல அவளிடம் ஆயிரம் இருந்தது. இவர் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

"டிரெய்லர்தானே பாத்தீங்க, படம் பாக்கல இல்ல? சனிக்கிழமை கிள்ளானுக்கு வாங்க. முழுசாப் பாத்துட்டு, மனசுல என்ன தோணுதோ அதச் சொல்லுங்க லா. வேற ஒண்ணும் வேணாம்."

டிக்கெட் கொடுக்க வந்தார். சீதா வேண்டாமென்று சொல்லி, அங்கேயே போனில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிறைந்து வழிந்தது. உள்ளூர்ப் படத்துக்கு இவ்வளவு கூட்டம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் பாதிப் பேர் சிரிக்க வந்தவர்கள். சீதாவின் வீடியோதான் அவர்களை அழைத்து வந்திருந்தது. ட்ரோன் மேலே போகும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து "ஒண்ணு", "ரெண்டு" என்று எண்ணினார்கள். கதாநாயகனின் அப்பா செத்துப்போகிற காட்சியில் காளிங்கன் இடுப்பில் கை வைத்ததும் அரங்கமே குலுங்கியது. சீதாவும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். அடக்க முடியாமல் ஒருமுறை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். முதல் வரிசையில் பாம்பு ஜிப்பாவோடு உட்கார்ந்திருந்த திருச்செல்வத்தின் பின்தலை மட்டும் அசையவே இல்லை. அதைப் பார்த்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தால், எதிரே மைக்கும் காமிராவும் வெளிச்சமும். "டோபி சீதா, டோபி சீதா" என்று கூட்டம் அவளை முன்னால் தள்ளிவிட்டது. ஒரு பெண் மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினாள். நாலடி தள்ளித் திருச்செல்வம் நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுக்கும் நேரத்து மாணவன்போல் நின்றார்.

சீதாவுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் தெரியும். வரிவரியாக மனதில் இருந்தது. ஆனால் கையில் இஸ்திரிப் பெட்டி இல்லை. தேய்க்க ஒரு கைக்குட்டைகூட இல்லை. அப்போதுதான் அவளுக்குத் தனக்கு இரண்டு கை இருப்பதே தெரிந்தது. அவற்றை எங்கே வைப்பது? முன்னால் கட்டினாள், பிரித்தாள், கடைசியில் இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். திருச்செல்வத்தின் கண்ணைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

"அருமையான படம். குடும்பத்தோட வந்து பாருங்க. லோக்கல் படத்துக்கு சப்போர்ட் பண்ணுங்க."

வெளிச்சம் அணைந்தது. கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. வாசு அவள் தோளைப் பிடித்து வேனுக்கு அழைத்துப் போனார். வேன் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியது. பெட்டாலிங் ஜெயா தாண்டியபோது வாசு மெல்ல, "இடுப்புல கை வெச்சியே, அது எதுக்குமா?" என்றார். சீதா முறைத்தாள். அவர் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் அவளைக் காய்ச்சி எடுத்தது. செலாயாங் கிஷன் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று, அந்த மூன்று வாக்கியத்தையும் அச்சு அசலாக அவள் குரலிலேயே சொன்னான். "காளிங்கன்கூட இவங்களவிட நல்லா நடிச்சாரு" என்றான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். டோபி சீதா விலைபோய்விட்டாள் என்று எழுதினார்கள். பினாங்குப் பெண்மணி போன் போட்டு, மாமியார் சாப்பிடவில்லை என்றாள். சீதாவுக்குக் கிஷன் மேல் கோபம் வரவில்லை. பையன் சரியாகத்தான் சொல்லியிருந்தான். காமிராவுக்கு முன்னால் நிற்பது இவ்வளவு கஷ்டமென்று மூன்று வருடமாகத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம், கேட்ட மனிதனிடம் பொய் சொன்னது. இனி அவள் நல்லா இருக்கு என்றாலும் நல்லா இல்லை என்றாலும் யார் நம்புவார்கள்? அன்று அவள் போனைத் தொடவே இல்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்செல்வம் கடைக்கு வந்தார். கையில் துணி எதுவும் இல்லை. வாசு எழுந்து நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

சீதா தலையைக் குனிந்துகொண்டு வாசுவின் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு."

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா எல்லாரும் பொய் சொல்றாங்கமா. எங்கிட்ட சம்பளம் வாங்குறவன் சூப்பர் பாஸ்ங்கிறான். மச்சான் அவார்டு வரும்ங்கிறான். எடிட்டிங் பண்ணவன் கை குடுக்குறான். சனிக்கிழமை தியேட்டர்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, வெளிய வந்து மைக்குல அருமைங்கிறாங்க. நான் எத நம்புறது? நீங்க ஒருத்தராச்சும் உள்ளதச் சொல்லுவீங்கன்னுதான் கூப்பிட்டேன். நீங்களும் அதையே சொல்லிட்டீங்க."

குரல் உயரவே இல்லை. சீதாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"உக்காருங்கண்ணே" என்றாள்.

மடித்த சட்டையைப் பிரித்து மேசைமேல் விரித்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். போனைப் போத்தலில் சாய்த்து வைத்தாள். திருச்செல்வம் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் போனைப் பார்த்தால் அவரையும் பார்த்தாக வேண்டும்.

"வணக்கம். சனிக்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். அதுக்கு மொதல்ல மன்னிச்சிருங்க. 'காப்பார் காளிங்கன்' நல்ல படம் இல்ல."

திருச்செல்வம் தலையாட்டினார். சீதா காலரில் தொடங்கினாள். படம் ரெண்டே முக்கால் மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் ஆகாயத்திலிருந்து காப்பாரைக் காட்டுகிறார்கள், நில அளவை இலாகாவுக்குக் கொடுத்தால் உபயோகப்படும் என்றாள். திருச்செல்வம் களுக்கென்று சிரித்துவிட்டார். வில்லன் ஏன் நல்லவனாக மாறினான் என்று வில்லனுக்கே தெரியவில்லை என்றாள். அதற்கும் சிரித்தார். அப்பா செத்துப்போகிற காட்சியில் வசனம் பதினாலு பக்கம், செத்தவரே எழுந்து போதும் என்று சொல்லியிருப்பார் என்றாள். அதற்கு அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய சொந்த அப்பாவின் சாவு என்று மட்டும் சொன்னார். சீதாவின் கை ஒரு நொடி நின்றது.

"அப்படின்னா அவ்வளவு பேசியிருக்க மாட்டீங்களேண்ணே" என்றாள்.

"இல்ல" என்றார் அவர். "நிஜத்துல நான் ஒண்ணுமே பேசல."

சீதா தோளை முடித்துக் கைக்கு வந்தாள்.

"ஒரு இடம் சொல்லணும். மழையில ஹீரோ லோரிமேல கேன்வாஸ் போட்டுக் கயிறு கட்டுறாரு. நாலு நிமிஷம். வசனம் இல்ல, மியூசிக் இல்ல. ஒரு கையில கயித்த இழுத்துப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால நாசி லெமாக் பொட்டலத்தப் பிரிச்சுத் திங்கிறாரு. பின்னாடி சிரிச்சுக்கிட்டு இருந்த பசங்ககூட வாய மூடிட்டாங்க. நான் சீட்டுல முன்னாடி வந்து உக்காந்துட்டேன். அந்த நாலு நிமிஷம் மாதிரி ஒண்ண நான் இங்க எந்தப் படத்துலயும் பாத்ததில்ல."

திருச்செல்வம் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"அன்னிக்கு ஷூட்டிங்கே இல்லமா. மழை வந்துருச்சு, உள்ள இருக்கிற சரக்கு நனைஞ்சுரும். நான் நெசமாவே கட்டிக்கிட்டு இருந்தேன். காமிராக்காரன் சும்மா சோதிச்சுப் பாக்க எடுத்தது. ரெண்டு பாட்டுக்கு நடுவுல இடம் இருக்குன்னு சேத்துட்டோம்."

"அதான்ண்ணே நானும் சொல்றேன்."

சீதா அடுத்த கையை விரித்துத் தேய்த்தாள். பிறகு திருச்செல்வம், தயங்கித் தயங்கி, ஆனால் நேராகவே கேட்டார்.

"இனிமே நான் நடிக்கலாமா, சொல்லுங்கமா?"

சீதா போனைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்த மனிதன் எழுந்து சந்தோஷமாகப் போய்விடுவார்.

"வேணாம்ண்ணே."

"டைரக்‌ஷன்?"

"வேணாம்."

"கதை?"

சீதா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்பா செத்தப்ப ஒண்ணுமே பேசலன்னீங்களே, அந்தக் கதையா இருந்தா எழுதுங்க. நடிக்கத் தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுங்க."

திருச்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசு ஏதோ தேடுவது போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டை முடிந்துவிட்டிருந்தது. சீதா அதை மாட்டவில்லை. போனை எடுத்துப் பதிவை நிறுத்தி, அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

"இதப் போடணும்னு அவசியம் இல்லண்ணே. நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன். ஊரு என்ன நம்பலன்னாலும் பரவால்ல."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். பேர் போனால் போகட்டும் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. திருச்செல்வம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடியோவை ஆரம்பத்திலிருந்து பார்த்தார். நில அளவை இலாகா வந்ததும் மறுபடியும் சிரித்தார். கடைசிவரை பார்த்து முடித்து, "இதுல எத அமுக்கணும்?" என்று வாசுவிடம் கேட்டார். வாசு காட்டினார். அவரே அமுக்கினார்.

"அண்ணே, யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்றாள் சீதா.

"இந்த லிங்க்க என் போனுக்கும் அனுப்புங்கமா. வீட்டுல காட்டணும்." வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "என் சம்சாரம் இந்தப் படத்த இருபத்தெட்டுத் தடவ பாத்துட்டு, இருபத்தெட்டுத் தடவையும் நல்லா இருக்குன்னு சொன்னா. பாவம், இனிமே அவ சொல்ல வேண்டியதில்ல."

சந்து முனையில் நிறுத்தியிருந்த லோரியில் ஏறி, யாரையும் இடிக்காமல், ஒரே வளைவில் பின்னால் எடுத்துக்கொண்டு போனார்.